கிழிந்த காது

வீடியோ கேம் ஒன்றைக் குழந்தைகளுக்கான படமாக எடுத்துவைத்திருந்தார்கள். கதாநாயகன் மிதிக்க மிதிக்கக் குழியில் விழும் காவலாளிகளுக்குத் தமிழில் அலற வேண்டும். ராஜா வேஷங்களுக்கெல்லாம் குரல் கொடுத்த மரியதாஸின் தொண்டைக்கு வந்த கேடு.

ஏழாவது அலறலோடு நிறுத்தினார். "எல்லாம் ஒரே ஆளுதான் தம்பி. அதே கிழிஞ்ச காது. செத்துச் செத்து வர்றான்."

"கேம்ல அப்படித்தான் சார். கொழந்தைங்க படத்துல காதை எவன் பாக்கப்போறான்? கத்துங்க" என்றான் டப்பிங் இயக்குநர், கைபேசியிலிருந்து தலை நிமிராமலே.

எட்டாவது முறை விழப்போகையில் காவலாளியின் உதடுகள் அசைந்தன. தாளில் வசனம் இல்லை. மரியதாஸ் அலறாமல், அந்த உதடுகளுக்குச் சரியாக, "மறுபடியுமா?" என்றார்.

"ஒன்மோர் சார்" என்றான் இயக்குநர்.

படம் பின்னோக்கி ஓடியது. காவலாளி குழியிலிருந்து எழுந்து வந்து, மரியதாஸைப் பார்த்தபடி நின்றான்.