தாண்டிப் போன ஆபீசரம்மா

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதமே ஆன சின்னப்பொண்ணுவுக்கு, பக்கத்து வீட்டுக் கங்கம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

காலையிலேயே வாசல் மெழுகி, நல்ல புடவை கட்டிக் காத்திருந்தாள் கங்கம்மா. ஊத்துக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய ஆபீசரம்மாவோ, "இந்த வீடு சீட்டுல வரலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். என்ன வேலை செய்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சர்க்காருக்காகக் கேட்டு எழுதுகிற உத்தியோகம் அவளுக்கு.

"இன்னா திமிரு பாரு அத்தே. நீ கூப்ட்டும் தாண்டிக்கினு போவுதே."

"திமிரு இல்லடி. எல்லா ஊட்லயும் கேக்க மாட்டாங்க. சீட்டுப் போட்டு, அதுல வந்த ஊட்ல மட்டும்தான் கேப்பாங்க."

"ஒரு ஊட்டைச் சேத்துக்கினா இன்னா கொறஞ்சிடும்?"

"தெரிஞ்சவங்க ஊடுன்னு சேத்தா மொத்தக் கணக்கும் பொய்யாப் பூடுமாம். மெட்ராஸ் யுனிவர்சிட்டில எக்கனாமிக்ஸ் எம்.ஏ. படிச்சது சும்மாவா?"

"அவ்ளோ படிச்சி இன்னா பிரயோஜனம்? பெரியவங்களுக்கு மரியாதை தெரியலயே" என்றாள் சின்னப்பொண்ணு. கங்கம்மா சிரித்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்ததும், கடைசி வீட்டை முடித்த ஆபீசரம்மா நேராகக் கங்கம்மாவின் வாசலுக்கு வந்தாள். தோள்பையை இறக்கி வைத்துவிட்டுக் கால் கழுவினாள்.

"வேலை முடிஞ்சிதும்மா. பசிக்குது, சோறு போடு."

பக்கத்து வாசலிலிருந்து சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள்.

கங்கம்மா உள்ளே போகவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"பாத்துக்கினியாடி? பெத்தவ நான் கூப்ட்டே வரல, எம் பொண்ணு."