அஞ்சுகத்தின் இரண்டு கால்பட்டைகள்

எழுபது வயதைத் தாண்டியவர்கள் தவறி விழாமலிருக்க, தினமும் கால்மணி நேரம் நடனம் ஆடியாக வேண்டும் என்பது சட்டம். காலில் கட்டிய பட்டை அதைக் கவனிக்கும். ஆடாதவருக்கு வாசல் கதவு திறக்காது.

மாசிலாமணிக்கு ஆட வெட்கம். அவருடைய பட்டையையும் தன் இன்னொரு காலில் கட்டிக்கொண்டு, மனைவி அஞ்சுகம்தான் ஐந்து வருடமாக அவருக்கும் சேர்த்து ஆடிவந்தாள்.

நேற்று சாயங்காலம் அவள் மூச்சு நின்றுபோனது.

வாசலில் பறை முழங்கியது. "ஆடுங்கப்பா. நீங்க வராம அம்மாவ எப்படி அனுப்புறது?" என்று மகள் கதறினாள்.

மாசிலாமணி குனிந்து, அஞ்சுகத்தின் சில்லிட்ட காலிலிருந்து தன் பட்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். சுவரைப் பிடித்தபடி, அவள் வைத்த அடிகளை நினைத்து நினைத்து ஆடினார். கதவு திறந்தது.

"ஐயா, இன்றைக்குக் கால் தள்ளாடுகிறதே," என்றது பட்டை. "நேற்றுவரை எவ்வளவு நன்றாக ஆடினீர்கள்!"