ஜிமிக்கி இழுக்கிறாள்

"ஒரு மாசம் டைம் தரேன்பா. அதுக்குள்ள இது இழுக்காம நடக்கக் கத்துக்கணும். இல்லன்னா தாமல்ல என் ஃபிரண்டு தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்."

சொல்லிவிட்டு மகன் அருள் ஆபீசுக்குக் கிளம்பினான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த தேவேந்திரன், காலடியில் படுத்திருந்த ஜிமிக்கியைப் பார்த்தார். நாட்டு நாய். அவர் மனைவி மஹாலட்சுமி மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தெருவிலிருந்து தூக்கி வந்து, பேரும் வைத்து வளர்த்தாள். அவள் இறந்த பிறகு மருமகள் சந்தியாதான் அதை வெளியே கூட்டிப் போனாள். முந்தின நாள் அது இழுத்த இழுப்பில், எதிர்வீட்டு நெசவாளி கலியாணசுந்தரம் தறிக்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல் பாவுக்குள்ளேயே இரண்டு பேரும் விழப் பார்த்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் நாய் ராத்திரியெல்லாம் குரைத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பாவில் கால் வைத்தால் பொறுக்கமாட்டார்கள்.

"அவ வளத்த நாய தாமலுக்கு அனுப்புறதா?" தேவேந்திரன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸு ஓட்டினவன்மா நான். அறுவது பேர் ஏறுன வண்டியவே நெனச்ச எடத்துல நிறுத்துவேன். இத்த நிறுத்த முடியாதா?"

சந்தியா ஒரு பையைப் பிரித்தாள். உள்ளே நீல நிறப் பட்டை.

"ஹார்னஸ் மாமா. கழுத்துல கட்டினா, இழுக்க இழுக்க தொண்டை இறுகி இருமுது பாவம். இத மார்ல மாட்டணும். கயித்த முன்னாடி வளையத்துல போட்டா, அது இழுக்கறப்ப தானா நம்ம பக்கம் திரும்பிடும். இழுத்தா நின்னுடுங்க. கயிறு தளந்தாதான் அடுத்த அடி. ஒழுங்கா பக்கத்துல வந்துச்சுன்னா ஒரு துண்டு ஈரல் குடுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு தேவேந்திரன் வாசலில் இறங்கினார். வெளிச்சத்தில் கண் கூசியது. பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த கலியாணசுந்தரம் நிமிர்ந்தார்.

"இன்னா தேவேந்திரா! ஆளே காணோம்?"

பதில் சொல்வதற்குள் ஜிமிக்கி இழுத்தது. அவர் நின்றார். அது திரும்பிப் பார்த்தது. கயிறு தளர்ந்ததும் ஓர் அடி வைத்தார். மறுபடியும் இழுத்தது, மறுபடியும் நின்றார். தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அவர் விடவில்லை. அடுத்த வாரமே கைலாசநாதர் கோயில் புல்வெளி வரை போனார்கள். அன்றைக்கு ஜிமிக்கி அவர் இடது காலை ஒட்டியபடி, கயிறு தொய்ந்திருக்க, ஒரே சீராக நடந்தது.

"சந்தியா! இன்னிக்கு ஒரு தபாகூட இழுக்கல!" வாசலிலிருந்தே கத்தினார்.

"நெஜமாவா மாமா!" என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் அவள்.

அடுத்த நாள் காலை, படி இறங்கும்போதே ஜிமிக்கி முதல் நாள் போல இழுத்தது.

"நேத்து பாஸு, இன்னிக்கு ஃபெயிலா?" தேவேந்திரனுக்குக் கோபம் வரவில்லை, வீம்புதான் வந்தது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக நடந்தார். திரும்பும்போது ஜிமிக்கி ஒழுங்காகிவிட்டது. அடுத்த நாள் பழையபடி இழுப்பு.

மூன்றாவது வாரமும் இதே கதை. காலையில் கற்றது மறுநாள் காலையில் காணாமல் போனது. ஈரலை மாற்றிக் கோழிக்கறி கொடுத்துப் பார்த்தார். வழியை மாற்றிப் பார்த்தார். நடந்த களைப்புக்கு டீக்கடையில் உட்கார்ந்தார். பழைய கண்டக்டர்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இட்லியை இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"விட்டுடுப்பா. தாமல்ல அது நல்லாதான் இருக்கும்" என்றார் கலியாணசுந்தரம்.

"மண்டையில ஏறுற வரைக்கும் நான் விடமாட்டேன்."

கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. இனிமேல் சாயங்காலமும் பயிற்சி என்று முடிவெடுத்து, மதியத் தூக்கத்திலிருந்து நாலு மணிக்கே எழுந்தார். ஜிமிக்கியைக் காணோம். ஹார்னஸும் இல்லை. சந்தியாவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே விடுவிடுவென்று கோயில் பக்கம் நடந்தார்.

புல்வெளியில் ஜிமிக்கி நாலுகால் பாய்ச்சலில் இழுத்துக்கொண்டு ஓட, கயிற்றைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள் சந்தியா.

"இழு ஜிமிக்கி! நல்லா இழு! அப்படித்தான் என் தங்கம்!" என்று சொல்லி, ஒரு துண்டு ஈரலை வேறு எடுத்து அதன் வாயில் போட்டாள்.

தேவேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சந்தியா! காலையில நான் கத்துக்குடுக்கறத சாயங்காலம் நீ கெடுத்துக்கினு இருக்கியா?"

அவள் திடுக்கிட்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"தாமல்ல அவருக்கு ஃபிரண்டே கெடையாது மாமா. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அத்தை போனதுலருந்து ஏழு மாசம் நீங்க வாசப்படி தாண்டல. ஜிமிக்கி ஒரே வாரத்துல கத்துக்கிச்சு. அது கத்துக்கினா நீங்க மறுபடியும் உள்ள போய் படுத்துக்குவீங்களேன்னு பயந்துதான், தெனம் மறக்க வச்சேன்."