நம்ம தொட்டி

அந்தக் கண்ணாடித் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று இருந்தது ஃபிளவர்ஹார்ன் மீன். புதிதாக ஓர் ஆஸ்கர் மீன் வந்த அன்றே அதன் வாலைக் கடித்துக் கிழித்தது.

"உள்ள கெடக்கிற மண்சட்டி என்னோடது, கல்லும் என்னோடது. நீ வேற எங்கயாவது போ."

"தொட்டிய விட்டு எங்கண்ணே போறது?" என்று கேட்ட ஆஸ்கர், ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. தீனிக்குக்கூட வெளியே வரவில்லை.

மீன் வளர்க்கும் ஜெசிந்தா இதைப் பார்த்தாள். ஃபிளவர்ஹார்னைப் பிடித்து வாளியில் விட்டாள். சட்டியையும் கற்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, மறுநாள் அதைத் தொட்டிக்குள் திரும்ப விட்டாள்.

ஃபிளவர்ஹார்ன் சுற்றிச் சுற்றி வந்தது. தன் இடம் எது என்றே அதற்குப் புரியவில்லை. சட்டிக்குள்ளிருந்து ஆஸ்கர் தலையை நீட்டியது.

"புதுசா? அந்த ஓரமா இருந்துக்க. இந்தப் பக்கம் வந்தே, வால் இருக்காது."

"டேய், நான் இங்க ரொம்ப நாளா இருக்கேன்டா."

"வர்றவன் எல்லாம் அப்படித்தான் சொல்றான்."

அன்றிலிருந்து ஆளுக்குப் பாதித் தொட்டி. நடுவில் வந்து முறைத்துக்கொள்வதோடு சரி.

ஒரு நாள் ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் மிதக்க விட்டாள். உள்ளே இன்னொரு மீன்.

"அண்ணே, இங்க இடம் இருக்குமா?" என்று அது கேட்டது.

இரண்டும் மேலே வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"நம்ம ரெண்டு பேருக்கே பத்தல," என்றது ஃபிளவர்ஹார்ன்.

"அதானேண்ணே," என்றது ஆஸ்கர். "பைய அவுக்கட்டும். வால நீங்க பாத்துக்குங்க."