கொல்லைக் கதவு

திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாகப் போய்த்தான் மூன்று வயது பூமிகா வாய்க்காலில் விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகு அவள் அம்மா சுடர்விழி தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு தீய்ந்தது.

“கதவைச் சாத்திட்டு, தாழ்ப்பாள் போடாம உட்காருங்க,” என்றார் தஞ்சாவூர் மனநல டாக்டரம்மா. “பயம் ஏறும். எழுந்து போகாதீங்க, தானா இறங்கிடும்.”

மறுநாள் மதியம் வீட்டில் அப்படியே உட்கார்ந்தாள். நெஞ்சு படபடத்தது. எழவில்லை. மெல்லப் பயம் இறங்கியது.

வயலிலிருந்து வந்த கணவன் நெடுமாறன் கொல்லையில் நின்று கதவைத் தட்டினான். “தாழ்ப்பாளை எடு.”

“நான் போடவே இல்லைங்க.”

போய்ப் பார்த்தாள். மேல் தாழ்ப்பாள் திறந்தே இருந்தது. பூமிகாவுக்கு எட்டுகிற கீழ்த் தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது.

“இப்போ பயம் இருக்கா?” என்று அடுத்த முறை டாக்டரம்மா கேட்டார்.

“இல்லைங்க,” என்றாள் சுடர்விழி.

இப்போதும் மதியமானால் தாழ்ப்பாள் போடாமல், கதவையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.