வெள்ளைக் கட்டம்

போலந்தின் வூச் நகரக் காட்சிக்கூடத்தில் ஹால்ஷ்கா தன் கறுப்பு வெள்ளைக் கட்ட ஓவியத்தைப் பின்பக்கமாகத் திருப்புகிறாள். கட்டங்கள் வரைகிறவர்கள் அங்கேதான் கையெழுத்திடுவார்கள். அந்த இடத்தில் அவள் அண்ணன், கணிதப் பேராசிரியர் ராடோஸ்வாவ், தன் சூத்திரத்தையும் பெயரையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். ஜன்னல் வெளிச்சத்தில் மை இன்னும் ஈரமாக மின்னுகிறது. பக்கத்தில் நிற்கும் அவன் சொல்கிறான்: “எது கறுப்பு, எது வெள்ளைன்னு சொன்னது என் கணக்கு. நீ சாயம்தானே அடிச்ச?” ஓவியத்தை முன்புறம் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை அழுத்துகிறான். “இது கறுப்பா வரணும். பார்த்து அடிக்கக்கூடவா தெரியல?” “தெரிஞ்சுதான் வெள்ளையா விட்டேன். மத்த கட்டமெல்லாம் நீயே வச்சுக்கோ.” கையோடு கொண்டுவந்த தூரிகையைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்து, அந்த வெள்ளைக்குள் தன் பெயரை எழுதுகிறாள். அவன் விரலை எடுக்கவில்லை. கடைசி எழுத்து அவன் நகத்தின் மேல் ஏறிப் போகிறது.