பொட்டு வைத்த கண்ணாடி

எங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது பேசும் கண்ணாடி; மேல்விளிம்பில் இருக்கும் கேமராக் கண்ணால் பார்த்து, எதையும் முன்கூட்டியே சொல்லிவிடும். என் மனைவி நிறைமதி பல் தேய்க்கும்போதே அவள் முகத்தைப் பார்த்து, "இந்த மாதமும் இல்லை" என்று முடித்துவிடும். நாள் தள்ளிப்போகிறதா என்று ஏங்கக்கூட நேரம் தராது. கல்யாணமாகி ஆறு வருஷமாக அந்தச் சனியன் வேறெதுவும் சொன்னதில்லை.

"நான் வயித்துல இருக்கேன்னு தெரியறதுக்கு முன்னாடி, நாள் தள்ளிப்போனதை எங்கம்மா ஒரு வாரம் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தாங்களாம்," என்றாள் ஒருநாள். "எனக்கு அந்த ஒரு வாரமாவது வேணுங்க."

மறுநாள் பார்த்தால், கண்ணாடியின் கண்மேல் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. கண்ணாடி வாயைத் திறக்கவில்லை.

இந்த மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாடிப்படியில் மெதுவாக ஏறுகிறாள். நான் வாங்கிவந்த பப்பாளியை எனக்கே முழுசாக நறுக்கி வைத்துவிட்டாள்.

"டெஸ்ட் பண்ணிடலாமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க. சீக்கிரம் பார்த்தா சரியாத் தெரியாதாம்."

இன்று அவள் குளித்துவிட்டு வந்தபின் நான் உள்ளே போனேன். வெந்நீர் ஆவியில் பசை விட்டு, பொட்டு வாஷ்பேசினில் விழுந்து கிடந்தது; அவள் வெளியேறும்போது கண்ணாடி அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

"நிறைமதிக்கு இந்த மாதம்..." என்று கண்ணாடி ஆரம்பித்தது.

கட்டைவிரலால் அதன் கண்ணை அழுத்தினேன். பேச்சு நின்றது. விரலை எடுக்காமலே கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்.

"நிறை, ஒரு பொட்டு எடுத்துட்டு வா."